பிளஸ் ஒன்னில் தொழிற்கல்வி குரூப்பா, ஐடிஐயா? அக்கா மகனுக்காகக் கேட்கிறேன்

லால்குடி சித்தி:

எல்லோருக்கும் வணக்கம். என் அக்கா மகன் இந்த வருடம் பத்தாம் வகுப்பில் 318 எடுத்திருக்கிறான். ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளிதான். அவனுக்கு மோட்டார் என்றால் உயிர். லீவு விட்டால் தெருமுனையில் இருக்கிற காயில் கட்டும் கடையில்தான் கிடப்பான், அந்தக் கடைக்காரரும் இப்போதெல்லாம் சின்ன மோட்டாராக இருந்தால் அவனையே பிரிக்கச் சொல்கிறார். போன மாதம் எங்கள் வீட்டு போர் மோட்டார் உறுமிக்கொண்டே நின்றுபோனது. "சித்தி, கெப்பாசிட்டர்தான் போயிருக்கும்" என்று சொல்லி, புதிதாக ஒன்று வாங்கி வந்து மாட்டி ஓடவைத்தவன் அவன்.

அவன் பள்ளியிலேயே பிளஸ் ஒன்னில் அடிப்படை மின் பொறியியல் என்று தொழிற்கல்வி குரூப் இருக்கிறது. அவனுக்கு அதில் சேர ஆசை. ஆனால் பள்ளியில் ஒருவர் எல்லார் முன்னாலும் "மார்க் இல்லாதவர்கள் எல்லாம் அந்தப் பக்கம் போங்கள்" என்று சொல்லியிருக்கிறார். அன்று வீட்டுக்கு வந்தவன் சாப்பிடவே இல்லை. அக்கா, காமர்ஸ் எடுத்தால் ஏதாவது டிகிரியாவது முடிப்பான் என்கிறாள். மாமா நேராக ஐடிஐயில் போடலாம் என்கிறார். எனக்கு இரண்டைப் பற்றியும் முழுதாகத் தெரியாது. தொழிற்கல்வி குரூப் படித்தால் மேல்படிப்புக் கதவு மூடிவிடுமா? அந்தச் சான்றிதழுக்கு வெளியே என்ன மதிப்பு? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பழைய தொழிற்கல்வி ஆசிரியர்:

சகோதரி, நான் இந்தப் பிரிவில் இருபது வருடத்துக்கு மேல் பாடம் நடத்தியவன், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். மார்க் இல்லாதவர்கள் போகிற இடம் என்ற பேச்சைக் கேட்டால் எனக்கு இன்றும் வயிறு எரிகிறது. தமிழ்நாட்டில் பிளஸ் டூ 1978-ல் வந்தபோதே தொழிற்கல்வியும் கூடவே வந்தது. 1995-க்குள் மேல்நிலை மாணவர்களில் 25 சதவீதம் பேர் இந்தப் பக்கம் வரவேண்டும் என்று 1986 தேசியக் கல்விக் கொள்கை எழுதிவைத்தது. நடந்ததோ வேறு. ஓய்வு பெற்ற ஆசிரியர்களின் இடங்கள் பல பள்ளிகளில் காலியாகவே கிடந்தன, பழைய இயந்திரத்தை மாற்றக் காசு வரவில்லை, கடைசியில் பழி பிள்ளைகள் மேல் விழுந்தது.

மேல்படிப்புக் கதவு மூடாது. தொடர்புடைய தொழிற்பாடம் படித்துத் தேறினால் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம், டிப்ளமோ முடித்தால் பி.இ.யிலும் நேரடி இரண்டாம் ஆண்டு உண்டு. பிளஸ் டூ முடித்ததும் பொறியியல் கலந்தாய்வுக்குப் போகவும் தொழிற்கல்வி மாணவர்களுக்கென்று தனிப் பட்டியல் இருக்கிறது. ஆனால் அதற்கு குரூப்பில் கணிதமோ தொடர்புடைய அறிவியல் பாடமோ இருக்கவேண்டும், அதனால் சேரும்போதே பாடப் பட்டியலை வாங்கிப் பாருங்கள்.

பலருக்குத் தெரியாத இன்னொன்று. தொழிற்பழகுநர் (அப்ரண்டிஸ்) சட்டத்தில் 1986-ல் ஒரு திருத்தம் வந்தது, அதன்படி பிளஸ் டூ தொழிற்கல்வி முடித்தவர்களுக்கென்றே ஒரு பழகுநர் பிரிவு உண்டு. கம்பெனியில் ஒரு வருடப் பயிற்சி, உதவித்தொகையில் பாதியை மத்திய அரசு கொடுக்கும். சென்னை தரமணியில் இருக்கிற தொழிற்பழகுநர் பயிற்சி வாரியம்தான் தென் மாநிலங்களுக்கு இதைப் பார்த்துக்கொள்கிறது. என் மாணவர்களில் பாதிப் பேருக்கு மேல் இதைக் கேள்விப்படாமலேயே கூலி வேலைக்குப் போனார்கள், அந்த வருத்தம் எனக்குப் போகவே இல்லை.

இதெல்லாம் சரி, அந்தப் பள்ளியில் லேப் உயிரோடு இருக்கிறதா என்பதுதான் முதல் கேள்வி. இப்போது லீவுதான், ஆனாலும் அட்மிஷனுக்காக ஆபீஸ் திறந்திருக்கும். போய் லேபைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். மோட்டார்கள் பிரித்துக் கட்டிய நிலையில் இருக்கின்றனவா, வயரின் காப்பைச் சோதிக்கிற மெக்கர் கருவி வேலை செய்கிறதா என்று பையனையே பார்க்கச் சொல்லுங்கள், காயில் கடையில் வளர்ந்தவனுக்கு ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். போன வருடப் பையன் ஒருவனின் செய்முறை ரெக்கார்டு நோட்டையும் கேளுங்கள். இந்தப் பாடத்துக்கென்று நிரந்தர ஆசிரியர் இருக்கிறாரா என்று தலைமை ஆசிரியரிடம் நேராகவே கேட்டுவிடுங்கள், தயங்க வேண்டாம்.

துவாக்குடி வெல்டர்:

அக்கா, நான் ஐடிஐ. சார் சொன்னதில் எனக்கு மறுப்பு இல்லை, ஆனால் வேலைக்கு ஆள் எடுக்கிற இடத்தில் என்ன நடக்கிறது என்பதையும் சொல்லவேண்டும். ரயில்வேயில் உதவி லோகோ பைலட், டெக்னீஷியன் அறிவிப்பு வந்தால் கேட்பது பத்தாம் வகுப்பும் ஐடிஐ சான்றிதழும். பொன்மலை பணிமனைக்கு ஐடிஐ முடித்தவர்களைப் பழகுநராக எடுக்கும்போது பரீட்சையே கிடையாது, பத்தாம் வகுப்பு மார்க்கையும் ஐடிஐ மார்க்கையும் சராசரி போட்டுப் பட்டியல் விடுவார்கள். மின்வாரியத்தில் கள உதவியாளர் (பயிற்சி) பதவிக்கும் ஐடிஐதான் கேட்டார்கள். பிளஸ் டூவில் அதே மின் பாடத்தை நன்றாகப் படித்தவன்கூட இந்த இடங்களில் அந்தச் சான்றிதழை மட்டும் வைத்துக்கொண்டு விண்ணப்பிக்க முடியாது. இதைச் சேருவதற்கு முன்னால் யாரும் சொல்வதில்லை.

அரசு ஐடிஐயில் படிப்பு இலவசம், மாதம் 750 ரூபாய் உதவித்தொகை. அரசுப் பள்ளியில் படித்துவிட்டு வருகிறவன் என்பதால் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய்க்கும் எழுதிப்போடலாம். 71 அரசு ஐடிஐக்களில் டாடா டெக்னாலஜிஸோடு சேர்ந்து ரோபோ, கம்ப்யூட்டர் சொல்படி உலோகம் கடையும் சிஎன்சி என்று புது இயந்திரங்கள் இறக்கியிருக்கிறார்கள். பக்கத்து ஐடிஐ அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று விசாரியுங்கள்.

நான் தவறவிட்ட ஒன்றைச் சொல்கிறேன். நான் எடுத்தது வெல்டர், ஒரு வருடம்தான், சீக்கிரம் சம்பாதிக்க வேண்டிய நிலைமை. பத்தாம் வகுப்புக்குப் பிறகு இரண்டு வருட டிரேடு (தொழிற்பிரிவு) முடித்திருந்தால் டிப்ளமோவில் நேரடி இரண்டாம் ஆண்டு கிடைத்திருக்கும், எனக்கு அது இல்லாமல் போனது. இங்கே பெல் (BHEL) பாய்லர் தொழிற்சாலையை நம்பித்தான் சுற்றிலும் ஃபேப்ரிகேஷன் யூனிட்டுகள், முதல் இரண்டு வருடம் ஹெல்பர் மாதிரிதான் நின்றேன். பிறகு ராத்திரி ராத்திரியாகப் பழகி, 45 டிகிரியில் சாய்த்து மாட்டிய குழாயைத் திருப்பாமல் சுற்றி வெல்ட் செய்யும் 6ஜி சோதனையில் தேறி, பாய்லர் வெல்டர் தகுதி வாங்கிய பிறகுதான் என் பேச்சுக்கு ஒரு மதிப்பு வந்தது. அதனால் தம்பியை இரண்டு வருட டிரேடிலேயே சேருங்கள்.

பழைய தொழிற்கல்வி ஆசிரியர்:

தம்பி சொல்வது உண்மை, அந்த வேலைவாய்ப்பு அறிவிப்புகளை நானும் பார்த்து மனம் நொந்தவன்தான். எனக்குள்ள கவலை ஒன்றே ஒன்று. பதினைந்து வயதில் மொழியையும் கணக்கையும் அப்படியே நிறுத்திவிட்டால் பின்னால் டிப்ளமோ கணக்கில் பிள்ளைகள் தடுமாறுகிறார்கள். ஐடிஐ என்றே முடிவு செய்தால், முடித்த பிறகு தமிழ், ஆங்கிலத் தாள்களை எழுதி பிளஸ் டூ இணைச் சான்றிதழ் வாங்க வழி இருக்கிறது, அதை விட்டுவிட வேண்டாம்.

வார்டு செவிலி:

நான் பிளஸ் டூவில் செவிலியம் தொழிற்கல்வி குரூப் படித்தவள். குரூப்பைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. செய்முறைக்காக அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போவார்கள், பதினாறு வயதில் பிபி பார்க்கவும், நோயாளியைப் புரட்டிப் படுக்கவைத்து விரிப்பு மாற்றவும் கற்றுக்கொண்டது இன்றைக்கும் என் கையில் இருக்கிறது. ஆனால் பி.எஸ்சி. நர்சிங்குக்கு இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றும் வேண்டும் என்று நான் சேர்ந்த நாளிலோ படித்த இரண்டு வருடத்திலோ பள்ளியில் ஒருவர்கூடச் சொல்லவில்லை. விண்ணப்பம் வாங்கப் போன இடத்தில்தான் தெரிந்தது. அம்மாவும் நானும் பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து அழுதோம்.

அப்புறம் மூன்று வருட டிப்ளமோ நர்சிங், அதன் பிறகு இரண்டு வருட போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. என்று சுற்றி வந்து சேர்ந்துவிட்டேன். எந்தப் பள்ளிக்குப் போனாலும் "இதைப் படித்தால் எதற்கெல்லாம் விண்ணப்பிக்க முடியாது?" என்று முதலில் கேளுங்கள். எதற்கெல்லாம் முடியும் என்பதை மட்டும்தான் அவர்களாகச் சொல்வார்கள். இன்னொன்று, தம்பி சாப்பிடாமல் இருந்தது என் மனதை விட்டுப் போகவில்லை. மின்சாரத்தில் கை வைக்கத் தெரிந்த பிள்ளையை யாரும் குறைத்துப் பேச விடாதீர்கள்.

லால்குடி சித்தி:

எல்லோருக்கும் மிக்க நன்றி. நேற்று அக்கா, நான், பையன் மூவரும் பள்ளிக்குப் போய்வந்தோம். லேப் பூட்டியிருந்தது, சாவி தேடவே அரை மணி நேரம் ஆனது. உள்ளே மோட்டார்கள் இருக்கின்றன, நல்ல மோட்டார்கள், மேலே தூசி. அந்தப் பாடம் எடுத்தவர் ஓய்வு பெற்றுவிட்டாராம், வேறு பாட ஆசிரியர் ஒருவர்தான் இரண்டு வருடமாகச் சேர்த்துப் பார்த்துக்கொள்கிறார். பையன் ஒரு மோட்டாரின் ஷாஃப்டைக் கையால் சுற்றிப் பார்த்தான். "பேரிங் இறுகிப்போச்சு சித்தி" என்றான். அப்புறம் ஒன்றும் பேசவில்லை.

வரும் வழியில் அவனே ஐடிஐ போகிறேன் என்று சொல்லிவிட்டான். மொழித்தாள் விஷயத்தைச் சொன்னதும் அக்காவும் ஒத்துக்கொண்டாள், டிப்ளமோவுக்கும் வழி இருக்கிறது என்றதில் அவளுக்குப் பாதி நிம்மதி. இன்று ஆன்லைனில் விண்ணப்பிக்க உட்காருகிறோம். எலக்ட்ரீஷியன், வயர்மேன் இரண்டுமே இரண்டு வருடம் என்று போட்டிருக்கிறது. எலக்ட்ரீஷியனுக்குப் பத்தாம் வகுப்பு, வயர்மேனுக்கு எட்டாம் வகுப்பு போதுமாம். எலக்ட்ரீஷியனை முதல் விருப்பமாகவும் வயர்மேனை இரண்டாவதாகவும் போடலாம் என்று நினைக்கிறோம். துவாக்குடி தம்பி, சரிதானே?

துவாக்குடி வெல்டர்:

சரிதான் அக்கா, அந்த வரிசையிலேயே போடுங்கள். ரிசல்ட் வந்த கையோடு எலக்ட்ரீஷியன் இடம்தான் முதலில் நிரம்பும், அதனால் இன்றைக்கே அனுப்பிவிடுங்கள். சாதிச் சான்றிதழ், மாற்றுச் சான்றிதழ், ஆதார் மூன்றிலும் பெயரும் இனிஷியலும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள், என்னோடு வந்த ஒரு பையனுக்கு இனிஷியல் மாறியதால் ஒரு வாரம் அலைய வேண்டியதாகிவிட்டது. லீவு முடியும் வரை அந்தக் காயில் கடைக்கு அவனை அனுப்பிக்கொண்டே இருங்கள்.