'ஃப்ரீஸ்' பட்டனுக்கு என்ன சொல்? 'முத்திரையிடு' என்பது என் பரிந்துரை

அனைவருக்கும் வணக்கம். அரசு டெண்டர் தளத்தில் உள்ள 'ஃப்ரீஸ்' பட்டனைத் தமிழில் எப்படிச் சொல்வது என்ற பேச்சில் நண்பர் ஒருவர் இப்படி எழுதியிருந்தார்:

> 'ஃப்ரீஸ் பிட் சப்மிஷன்' என்பதற்கு 'ஒப்பந்தப்புள்ளியை உறையவை' போதுமே. நேரடியாகவும் இருக்கிறது.

இதை ஏற்க எனக்கு மனம் வரவில்லை. தமிழ்நாடு அரசின் டெண்டர் தளம் தேசியத் தகவலியல் மையத்தின் ஜெப்னிக் மென்பொருளில் ஓடுகிறது. ஆவணங்களை ஏற்றி, எக்செல் கோப்பில் விலையை நிரப்பி அதையும் ஏற்றிவிட்டால் வேலை முடிந்தது என்றுதான் புதிதாக வருபவர் நினைப்பார். கடைசியில் ஃப்ரீஸ் பட்டனை அழுத்தினால்தான் சமர்ப்பித்ததாகக் கணக்கு.

என் மாமா சின்னச் சின்ன சாலை வேலைகள் எடுத்துச் செய்பவர். ஒருமுறை காலையிலேயே மின்கையொப்ப டோக்கனைக் கணினியில் செருகி, கையொப்பமிட்டு, எல்லாக் கோப்புகளையும் ஏற்றிவிட்டார். 'ஃப்ரீஸ்' என்று பார்த்ததும், "இதை அழுத்திட்டா அப்புறம் ரேட்டை மாத்த முடியாதே, ஜல்லி விலையைக் கேட்டுட்டு வந்துடறேன்" என்று எழுந்து போனார். கெடு 3 மணி. திரும்பி வந்தபோது 3.05. உண்மையில் கெடு நேரம் வரை விலையை மாற்றி மறுபடி சமர்ப்பிக்கலாம். அந்த ஒரு சொல்லை நம்பித்தான் அவர் வேலையை இழந்தார்.

'உறையவை' என்றாலும் அதே பயம்தான் வரும். போதாததற்கு, தொழில்நுட்ப உறை, விலை உறை என்று ஏற்கெனவே இரண்டு உறைகள் அங்கே இருக்கின்றன. 'முடக்கு' வேண்டவே வேண்டாம். வங்கிக் கணக்கை முடக்கியதுபோல் ஆகிவிடும். 'இறுதி செய்' நல்ல சொல். ஆனால் 'டெண்டர் இறுதி செய்யப்பட்டது' என்றால் வேலை யாருக்கு என்று முடிவாகிவிட்டது என்றுதான் ஒப்பந்ததாரர்கள் எடுத்துக்கொள்வார்கள்.

காகித காலத்தில் கவரை ஒட்டி, அரக்கை உருக்கி முத்திரை வைத்துத்தான் பெட்டியில் போடுவார்கள். முத்திரை இல்லாத கவர் செல்லாது என்பது எந்த ஒப்பந்ததாரருக்கும் தெரியும். திறக்கும் நேரம் வரை யாரும் அதைப் பிரிக்கக் கூடாது என்பதும் தெரியும். இன்றும் அப்படித்தான்: குறைந்தது இரண்டு அதிகாரிகள் தங்கள் மின்கையொப்பச் சாவியோடு வந்தால்தான் உறை திறக்கும். ஓலைக் குடத்தின் மேலிட்ட பொறியை, அதாவது முத்திரையைப் பார்த்து, அதை அழித்து, ஓலையை வெளியே எடுக்கும் ஆவண மாக்களை (ஆவணங்களைக் கையாள்வோரை) அகநானூற்று 77ஆம் பாடலிலேயே பார்க்கிறோம். 'பொறியிடு' என்று வைக்க எனக்கு ஆசைதான். ஆனால் இன்றைக்குப் பொறி என்றால் இயந்திரமும் எலிப்பொறியும்தான் நினைவுக்கு வரும்.

ஆகவே பட்டனில் 'முத்திரையிட்டுச் சமர்ப்பி' என்று போடலாம். அதற்குக் கீழேயே, 'கெடு நேரம் வரை விலையை மாற்றி மறுபடி சமர்ப்பிக்கலாம்' என்ற வரியும் வேண்டும். சொல்லை மட்டும் மாற்றினால் என் மாமா போன்றவர்களுக்குப் போதாது.

இலங்கை நண்பர்களிடம் ஒன்று கேட்க வேண்டும். நாங்கள் கொள்முதல் என்பதை நீங்கள் பெறுகை என்கிறீர்கள். முத்திரை என்றால் உங்களுக்கு அஞ்சல்தலையும்தானே? பெறுகைத் தளத்தில் இந்தச் சொல்லைப் பார்த்தால் குழப்பம் வருமா?