டில், அட்வான்ஸ், லீவு: டர்பன் கடைகளில் முதலாளிக்கும் வேலையாளுக்கும் மனக்கசப்பு தொடங்கும் இடங்கள்

சாட்ஸ்வர்த் கணக்கர்:
சாயங்காலம் டில்லில், அதாவது கடைக் கல்லாவில், பணம் குறைகிறது. அன்றைக்கு யாரும் எதுவும் பேசுவதில்லை. மாதக் கடைசியில் சம்பளக் கவரில் மட்டும் அந்தத் தொகை காணாமல் போயிருக்கும். நம்மவர் கடைகளில் நல்ல உறவு முறிவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

தென்னாப்பிரிக்காவின் 1997-ஆம் ஆண்டு அடிப்படை வேலை நிபந்தனைச் சட்டத்தின் 34-ஆம் பிரிவு இதை நேராகவே தொடுகிறது. இழப்பு வேலையின்போது, அந்த ஆளின் தவறால் நடந்திருக்க வேண்டும். அவர் தரப்பைக் கேட்டிருக்க வேண்டும். அவர் எழுத்தில் சம்மதிக்க வேண்டும். கழிப்பது உண்மையான இழப்பையும் தாண்டக் கூடாது, சம்பளத்தில் கால் பங்கையும் தாண்டக் கூடாது. மாதம் 6000 ரேண்ட் வாங்குபவரிடம் 1500-க்கு மேல் கைவைக்க முடியாது.

‘அவர் தவறால்’ என்பதில்தான் பல முதலாளிகள் வழுக்குகிறார்கள். காலையில் ஒருவர், மதியம் இன்னொருவர், நடுவில் முதலாளியின் மகன் என்று ஒரே டில்லில் மூன்று பேர் கையை விட்டால் யார் மேல் பழி போடுவது? ஒரு ஷிப்டுக்கு ஒரே ஆள், அவருக்கென்று தனி டிராயர். தொடக்கச் சில்லறை 500 ரேண்ட் என்றால் கொடுப்பவரும் வாங்குபவரும் சேர்ந்து எண்ணி நோட்டில் கையெழுத்துப் போட வேண்டும். சாப்பாட்டுக்குப் போகும்போது டிராயரைப் பூட்டிச் சாவியைக் கையோடு எடுத்துப் போக வேண்டும். கடை மூடும்போது அவர் கண்முன்னேயே எண்ண வேண்டும். குறைந்தால் அன்றைக்கே கேட்டுவிடுங்கள்; மூன்று வாரம் கழித்துக் கேட்டால் யாருக்கும் எதுவும் நினைவிருக்காது.

இன்னொன்று, இதைச் சொன்னால் முதலாளிகளுக்குக் கோபம் வரும். பால், ரொட்டி, பெட்ரோல் என்று வீட்டுச் செலவுக்கு டில்லிலிருந்து எடுக்கும் முதலாளியும் சீட்டு எழுதிப் போட வேண்டும். ‘காணாமல் போன’ பணத்தில் நல்ல பங்கு அங்கேதான் இருக்கிறது.

டொங்காட் மளிகை:
அண்ணா, அட்வான்ஸைக் கழிப்பதற்கும் இதே விதிதானா?

சாட்ஸ்வர்த் கணக்கர்:
இல்லை தம்பி, அது வாங்கிய கடன். அங்கே தவறை நிரூபிக்க வேண்டியதில்லை. ஆனால் எந்தக் கடன், எவ்வளவு என்று எழுத்தில் இருக்க வேண்டும். ‘900 ரேண்ட், மாதம் 300 வீதம் மூன்று தவணை’ என்று ஒரு வரியும் இரண்டு கையெழுத்தும் போதும். பேஸ்லிப்பில் (சம்பளச் சீட்டில்) அதைத் தனி வரியாகக் காட்டுங்கள். ‘கழிவுகள்’ என்று மொத்தமாகப் போட்டால் சந்தேகம் வரத்தான் செய்யும்.

அட்வான்ஸ் கேட்டு வரிசை நிற்பது ஜனவரியில்தான். பண்டிகைக்காக டிசம்பர் 15-லேயே முழுச் சம்பளத்தையும் கொடுத்துவிட்டால், அடுத்த சம்பளம் ஜனவரி 31. நடுவில் ஆறரை வாரத்துக்கு மேல். அதற்குள் பள்ளிக்கூடம் திறந்து யூனிஃபார்ம் வாங்கும் செலவும் வந்துவிடும். வேலையாள் சம்மதித்தால் பாதியை 15-இலும் மீதியை மாதக் கடைசியிலும் கொடுங்கள்; வரிசை பாதியாகக் குறையும்.

மாரிட்ஸ்பர்க் அக்கா:
லீவு விஷயத்தில் நம் வீடுகளுக்கென்று சில சிக்கல் உண்டு. தீபாவளியும் தைப்பூசமும் இங்கே பொது விடுமுறை இல்லை. ஆனால் 1994-ஆம் ஆண்டு பொது விடுமுறைச் சட்டப்படி, இரு தரப்பும் ஒத்துக்கொண்டால் ஒரு பொது விடுமுறைக்குப் பதிலாக வேறொரு நாளை எடுத்துக்கொள்ளலாம். பொது விடுமுறையான செப்டம்பர் 24-இல் வேலை செய்து தீபாவளிக்கு லீவு எடுக்கலாம். வருடத் தொடக்கத்திலேயே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். தீபாவளிக்கு முந்தின நாள் வாட்ஸாப்பில் கேட்டால் எந்த முதலாளிக்கும் எரிச்சல்தான்.

சாவு வீட்டு லீவு வருடத்துக்கு 3 நாள், சம்பளத்தோடு. நான்கு மாதத்துக்கு மேல் வேலை செய்து, வாரம் குறைந்தது 4 நாள் வருபவருக்கு அது உண்டு. கணவன் மனைவி, பெற்றோர், தாத்தா பாட்டி, பிள்ளை, பேரப்பிள்ளை, உடன்பிறந்தவர் வரைக்கும்தான் பட்டியல். மாமியாரும் தாய்மாமனும் அதில் இல்லை! பதினாறாம் நாள் காரியத்துக்கு வருடாந்தர லீவிலிருந்துதான் எடுக்க வேண்டும். முதலாளி மனமிரங்கிக் கொடுத்தால் நல்லது. ஆனால் ஒருவருக்குக் கொடுத்துவிட்டு, ஜுலு மொழி பேசும் பெண்ணின் மாமியார் இறக்கும்போது ‘சட்டத்தில் இல்லை’ என்று கையை விரித்தால் கடை முழுக்கக் கசந்துவிடும். கொடுப்பதானால் எல்லோருக்கும் கொடுங்கள்.

வெருலம்வாசி:
நோய் லீவு? ஒரு நாளைக்கே டாக்டர் சீட்டு கேட்கிறார்களே!

மாரிட்ஸ்பர்க் அக்கா:
தொடர்ந்து இரண்டு நாளுக்கு மேல் வராவிட்டாலோ, எட்டு வாரத்துக்குள் இரண்டு தடவைக்கு மேல் வராவிட்டாலோதான் சீட்டு இல்லையென்று சம்பளத்தை நிறுத்த முடியும். மற்றபடி ஆறு வாரத்தில் எத்தனை நாள் வேலையோ, 36 மாதத்துக்கு அத்தனை நாள் நோய் லீவு. வாரம் 5 நாள் வருபவருக்கு 30.

வெருலம்வாசி:
நன்றி அக்கா. காகிதத்தில் வராத ஒன்றும் சொல்கிறேன். காலையில் ‘சவுபோனா’ என்று ஜுலுவில் வணக்கம் சொல்லாமலே ‘அந்தப் பெட்டியைத் தூக்கு’ என்று தொடங்குவதும், ஐம்பது வயது மனிதரை ‘பாய்’ (ஆங்கிலத்தில் பையன்) என்று கூப்பிடுவதும் இன்னும் போகவில்லை. வாடிக்கையாளர் முன்னிலையிலும் வாட்ஸாப் குரூப்பிலும் திட்டுவது அடுத்தது. திட்டத்தான் வேண்டுமென்றால் ஸ்டோர் ரூமில், தனியாக.

டொங்காட் மளிகை:
கோபத்தில் ‘நாளையிலிருந்து வராதே’ என்று சொல்லிவிட்டால் என்ன ஆகும், அண்ணா?

சாட்ஸ்வர்த் கணக்கர்:
அதுவே வேலைநீக்கமாக எடுத்துக்கொள்ளப்படலாம். வேலையாளுக்கு அன்றிலிருந்து 30 நாள் இருக்கிறது, வேலைத் தகராறுகளைத் தீர்க்கும் ஆணையமான சி.சி.எம்.ஏ.-வில் படிவம் 7.11 கொடுக்கலாம். கட்டணம் கிடையாது, வக்கீலும் தேவையில்லை. படிவத்தின் நகலை முதலாளிக்கு அனுப்பியதற்கான அத்தாட்சியைக் கூடவே வைக்க வேண்டும். பலர் விட்டுவிடுவது அதைத்தான். முதலாளி சொன்னது கோபத்தில்தான் என்றால் மறுநாளே ‘வேலைக்கு வாருங்கள்’ என்று எழுத்தில் அனுப்பிவிடுவது நல்லது.