இயங்குநேரத்தில் செயற்கூறு அழைப்பை இணைத்தல்: வெள்ளிக்குள் சொல் வேண்டும்

பெருந்துறை:

கலைச்சொல் குழுவில் உள்ள அனைவருக்கும் வணக்கமுங்க. நிரல்மொழி ஆய்வகக் கையேட்டின் தமிழ்ப் பதிப்பு வெள்ளி மாலை அச்சகத்துக்குப் போகிறது. எந்தச் செயற்கூறை (மெத்தட்) அழைப்பது என்பதை நிரல் ஓடும்போது முடிவு செய்ய விடும் ஜாவா இயந்திரத்தின் இன்வோக்டைனமிக் கட்டளை பற்றிய பயிற்சி மட்டும் சொல் கிடைக்காமல் நிற்கிறது. கால்சைட் (செயற்கூறை அழைக்கும் இடம்), லிங்கிங் (அந்த இடத்தோடு செயற்கூறைச் சேர்ப்பது), ரீலிங்கிங் (மறுபடி சேர்ப்பது), கார்டு (சேர்த்தது இப்போதும் பொருந்துமா என்ற சோதனை), இந்த நான்குக்கும் சொல் தேவை.

பயிற்சியில் வருவது இதுதான். கட்டளை மொத்தம் 5 பைட். முதல் பைட் 186. அடுத்த இரண்டு பைட் மாறிலி அட்டவணையில் எந்த வரிசை என்று சொல்லும். கடைசி இரண்டும் சுழியம். நிரல் ஓடும்போது அந்த இடத்துக்கு முதல்முறை வந்ததும் இயந்திரம் பூட்ஸ்ட்ராப் செயற்கூறைக் கூப்பிடுகிறது. தேடுவதற்கான லுக்கப் பொருள், அழைக்கும் பெயர், அளபுருக்களின் வகை ஆகியவற்றை அதனிடம் கொடுக்கிறது. அது ஒரு கால்சைட் பொருளைத் திருப்பித் தருகிறது. அந்தப் பொருள் அந்தக் கட்டளையோடு நிலையாக ஒட்டிக்கொள்ளும். பொருளுக்குள் இருக்கும் இலக்கை, அதாவது ஓட வேண்டிய செயற்கூறை மட்டும், அனுமதி இருந்தால், பிறகு மாற்றலாம். அடுத்த முறை முதல் பூட்ஸ்ட்ராப் பக்கம் போவதே இல்லை.

வரைவில் லிங்கிங்குக்குப் "பிணைப்பு" என்று இருக்கிறது. அதே கையேட்டில் லேட் பைண்டிங்குக்கும் "காலந்தாழ்ந்த பிணைப்பு". இரண்டும் ஒன்று என்றே பிள்ளைகள் படிப்பார்கள்.

பொள்ளாச்சி:

மேடம், இங்கே மூன்று வேலை கலந்து கிடக்கிறது. பெயருக்கு அது குறிக்கும் பொருளைக் காட்டுவது பைண்டிங். ஒவ்வொரு அழைப்பிலும் எந்தச் செயற்கூறு என்று தேர்வது டிஸ்பாட்ச். தேர்ந்த முடிவை அழைத்த இடத்திலேயே பதித்து, அடுத்த முறை தேடாமல் போக வழி செய்வது லிங்கிங். மூன்றாவதில்தான் சிக்கல் எல்லாம்.

வகை அறிவிக்காத மொழி ஒன்றில் "அ + ஆ" என்று எழுதியிருக்கிறது. முதலில் முழு எண் வருகிறது. இணைப்பவன் முழு எண்ணுக்குரிய கூட்டலைத் தேடி எடுத்து, அதன் முன்னால் "அ முழு எண்தானா?" என்ற சோதனையை வைத்து, இரண்டையும் சேர்த்து இலக்காக்குகிறான். அடுத்து தசம எண் வந்தால் சோதனை தோற்கும், மாற்றுவழி ஓடும், தசமக் கூட்டலுக்குப் புதிய சோதனை உருவாகும், பழைய இலக்கு புதியதன் மாற்றுவழியாகப் பின்னால் போகும். இப்படியே சங்கிலி நீளும். நீள விட்டால், தேடுவதைவிடச் சோதனைகளுக்கே அதிக நேரம் பிடிக்கும். அதனால் எல்லோரும் வரம்பு வைக்கிறார்கள். கூகுளின் ஜாவாஸ்கிரிப்ட் இயந்திரமான வி8 நான்கு வகை வரை வைத்துக்கொண்டு அதற்கு மேல் பொதுத் தேடலுக்குப் போய்விடும். ஜாவா இயந்திரமான ஹாட்ஸ்பாட் சாதாரண அழைப்புக்கு வழக்கமாக இரண்டு வகையைத்தான் குறித்து வைக்கும்.

இது ஜாவாவில் பிறந்ததும் இல்லை. டாய்ச்சும் ஷிஃப்மனும் ஸ்மால்டாக்-80 மொழிக்கு 1984லேயே ஒரே ஒரு வகையை அழைத்த இடத்தில் பதித்து வைத்தார்கள். பல வகைக்கு அதை விரித்தது 1991ல் செல்ஃப் மொழிக்காக ஹோல்ஸ்லே, சேம்பர்ஸ், உங்கர் மூவரும். மொழி எழுதுபவரே இணைக்கும் விதியைச் சொல்லலாம் என்று கதவைத் திறந்தது 2011ல் வந்த ஜாவா 7. 2014ல் ஜாவா 8 தன் லாம்டாக்களுக்கே (பெயரில்லாச் செயற்கூறுகள்) அதே கட்டளையை எடுத்துக்கொண்டது.

"இயங்குநிலை இணைப்பு" என்று மட்டும் போடாதீர்கள். லினக்ஸில் நூலகக் கோப்பை ஓடும்போது சேர்ப்பதற்கு அது ஏற்கெனவே புழங்குகிறது. அங்கே முதல் அழைப்பில் முகவரி கண்டுபிடித்து அட்டவணையில் எழுதினால் கதை முடிந்தது. சோதனை கிடையாது, மறுபடி எழுதுவதும் கிடையாது. என் கருத்து: லிங்க் என்றே விட்டுவிடலாம்.

சென்னிமலை:

லிங்க் என்றே விடுவதற்குக் குழு எதற்குங்க? "பிணைப்பு" சரியான சொல். அதைப் பைண்டிங்குக்குக் கொடுத்ததுதான் தவறு.

இங்கே தறி ஓட்டுகிறவர்கள் யாரைக் கேட்டாலும் அச்சு பிணைத்தல் என்றால் தெரியும். பாவு (தறியில் நீளவாக்கில் ஓடும் நூல்) தீர்ந்ததும் அச்சில் கோத்திருக்கும் பழைய நூலைப் பிடுங்கி எறிவதில்லை. அதை அப்படியே நிற்க விட்டு, புதுப் பாவின் நூல் ஒவ்வொன்றையும் பழையதன் நுனியில் பிணைத்து இழுத்துவிடுவார்கள். கோத்த இடம் மாறாது, வரும் நூல் மாறும். கட்டளையோடு ஒட்டிய பொருள் நிலையானது, இலக்கு மட்டும் மாறும் என்று பெருந்துறை எழுதியது வேறென்ன?

இலக்கியத்திலும் வேர் உண்டு. சிலப்பதிகார அரங்கேற்று காதையில் பிண்டி, பிணையல் என்று வருகிறது. இரண்டும் நாட்டியத்தில் கை காட்டும் முறைகள்: பிண்டி ஒற்றைக் கை, பிணையல் இரட்டைக் கை. தனியாக இருக்கும் இரண்டு, ஒரு செயலுக்காகச் சேர்வது பிணையல். அதற்கு உரை கண்ட அடியார்க்கு நல்லாரின் ஊரான நிரம்பை, பெருந்துறைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. பைண்டிங்குக்குப் "பெயர்க்கட்டு" என்று கொடுத்துவிட்டுப் பிணைப்பை இங்கே கொண்டு வாருங்கள்.

தாராபுரம்:

ஏனுங்க, "பூட்டு" என்றால் என்ன? ஏர் பூட்டு, வண்டி பூட்டு என்று இன்றும் சொல்கிறோம். காண் காட்டு ஆவதுபோல், உண் ஊட்டு ஆவதுபோல், பூண் பூட்டு ஆகிறது. பூணுவது தன்வினை, பூட்டுவது பிறவினை. அழைப்பிடம் இலக்கைப் பூணுகிறது, இணைப்பவன் பூட்டுகிறான். செய்பவன் யார், ஏற்பது எது என்பது ஒரே வேரில் கிடைத்துவிடுகிறது.

பொள்ளாச்சி:

அண்ணா, இலக்கணம் அழகு. ஆனால் இந்தப் பயிற்சியில் அதைப் போட்டால் கெடுதல். ஒரு நேரத்தில் ஒருவரை மட்டும் உள்ளே விடும் லாக்குக்குப் பூட்டு என்றுதான் எல்லாக் கையேட்டிலும் இருக்கிறது. இங்கே பூட்டு இல்லை என்பதே பாடம். இரண்டு த்ரெட் (ஒரே நிரலில் இணையாக ஓடும் இழைகள்) ஒரே நேரத்தில் இணைக்கப்படாத இடத்துக்கு வந்தால் இரண்டுமே பூட்ஸ்ட்ராப்பை ஓட்டக்கூடும். இயந்திரம் ஒரு முடிவை ஏற்றுக்கொண்டு மற்றதைத் தூக்கிப் போட்டுவிடும். அதனால் பூட்ஸ்ட்ராப்புக்குள் எண்ணிக்கை கூட்டுவது, கோப்பில் எழுதுவது போன்ற வேலை வைத்தால் கணக்குத் தப்பும். இலக்கை மாற்ற விடும் மியூட்டபிள் கால்சைட்டின் இலக்கை ஒரு த்ரெட் மாற்றினால் மற்றது உடனே பார்க்கும் என்ற உறுதியும் கிடையாது. அது வேண்டுமானால் வாலட்டைல் கால்சைட் எடுக்க வேண்டும், அல்லது சிங்க்ஆல் கூப்பிட வேண்டும். இதைப் "பூட்டுதல்" என்று தலைப்பிட்டுச் சொன்னால் பிள்ளைகள் பூட்டு காக்கிறது என்று நம்பிப் போவார்கள்.

கோபி:

பெருந்துறை அம்மணிக்கும் மற்றவர்களுக்கும் வணக்கம். லிங்கிங்கை விட்டுவிட்டுக் கால்சைட்டில் இருந்து தொடங்குங்கள். அது இடத்தின் பெயர். அங்கே நடப்பது முன்பு நடந்தது, இப்போது நடக்கிறது, வகை மாறினால் இனியும் நடக்கும். மூன்று காலத்தையும் ஒளித்து வைக்கத் தமிழில் தனி உறுப்பே இருக்கிறது. "காலம் கரந்த பெயரெச்சம் வினைத்தொகை" என்கிறது நன்னூல். சுடுசோறு என்றால் சுட்ட, சுடுகின்ற, சுடும் சோறு. அதுபோலத் "தொடுகளம்": தொடுத்த, தொடுக்கின்ற, தொடுக்கும் களம். இணைப்பு, மறுஇணைப்பு இரண்டும் அதிலேயே அடங்கிவிடும். லிங்கிங் "தொடுப்பு".

இரண்டு செய்தி அச்சுப் பார்க்கிறவருக்கு. வினைத்தொகையில் வல்லினம் மிகாது; தொடுக்களம் என்று போட்டுவிடாதீர்கள். ரன்டைமுக்கு வரைவில் இயக்கநேரம், இயங்குநேரம் என்று இரண்டும் கலந்திருப்பதாகத் தெரிகிறது. இயங்குநேரம் வினைத்தொகை, அதுவே பொருத்தம். கையேடு முழுக்க ஒன்றாக்குங்கள்.

நன்னூல் செய்த பவணந்தியாரைச் சீனாபுரத்தோடு சேர்த்துச் சொல்வது நம் பக்கத்து மரபு. பெருந்துறையில் அச்சாகும் கையேடு அவர் விதிப்படி ஒரு சொல்லாவது தாங்கி வந்தால் எனக்கு நிறைவு.

திருப்பூர்:

ஐயா, இரண்டு தடை இருக்குங்க. தொடு என்றாலே இன்று தொடுதிரைதான். அதுவும் வினைத்தொகையே. தொடுகளம் என்று படித்தால் மடிக்கணினியில் விரல் வைக்கும் பலகைதான் மனதில் வரும். தொடுப்பு என்பதற்கு ஊர்ப்பேச்சில் கள்ள உறவு என்ற பொருள் இருக்கிறது. இணையத்தில் எழுதுகிறவர்களிடம் அந்தச் சொல் நிலைத்துவிட்டது, சரி. வகுப்பில் ஆசிரியர் சத்தமாகச் சொல்ல வேண்டுமே.

கோபி:

திரு.வி.க. நடை, பாவாணர் ஆய்வு எல்லாம் படித்தவர்கள் ஊர்ப்பேச்சுக்கு அஞ்சிச் சொல்லைக் கைவிடலாமா? பூத்தொடுத்தல், அம்பு தொடுத்தல், வழக்குத் தொடுத்தல் என்று எத்தனை இடத்தில் நிற்கிறது! எய்தவனையும் இலக்கையும் ஒருங்கே நினைவூட்டும் வினை அது. கோவைக் கலைக்கதிர் இதழ் அறிவியலைத் தமிழில் எழுதத் தொடங்கியபோதும் இப்படித்தான் ஒவ்வொரு சொல்லுக்கும் தடை சொன்னார்கள்.

பெருந்துறை:

ஐயா சொன்ன இயங்குநேரத்தை அப்படியே எடுத்துக்கொள்கிறேன். மற்றவற்றைக் கையேட்டின் வாக்கியத்தில் வைத்துப் பார்த்தேன். "முதல் அழைப்பில் தொடுகளம் தொடுக்கப்படுகிறது." "முதல் அழைப்பில் அழைப்பிடம் பிணைக்கப்படுகிறது." "முதல் அழைப்பில் அழைப்பிடம் இணைக்கப்படுகிறது." மூன்றாவதை மட்டும் விளக்கம் இல்லாமல் வாசிக்க முடிகிறது.

பிழைப் பட்டியலும் இருக்கிறது. பூட்ஸ்ட்ராப் தோற்றால் பூட்ஸ்ட்ராப் மெத்தட் எர்ரர் எழும். அது லிங்கேஜ் எர்ரர் இனக்குழுவின் (கிளாஸ்) வழி வந்தது. அந்த இடத்துக்கு மறுபடி வந்தாலும் பூட்ஸ்ட்ராப் இன்னொரு முறை ஓடாது, அதே பிழைதான் திரும்ப எழும். சுற்றுக்குள் வைத்துத் திரும்பத் திரும்ப முயன்று பயனில்லை. இன்னொன்று, வகைப் பொருத்தம்: அழைப்பிடம் இரண்டு ஆப்ஜெக்ட் வாங்கி ஆப்ஜெக்ட் தருவது என்று இருந்து, இலக்கு இரண்டு இன்ட் (முழு எண்) வாங்கி இன்ட் தந்தால், இலக்கை வைக்கும்போதே ராங் மெத்தட் டைப் எக்செப்ஷன். ஆஸ்டைப் போட்டு வகையை ஒத்துவரச் செய்த பிறகே வைக்க வேண்டும். ஆய்வகத்தில் அதிகம் தடுக்கும் இடம் இதுதான். லிங்கேஜ் எர்ரருக்கு "இணைப்புப் பிழை" என்றால் குடும்பம் முழுக்க ஒரே வேரில் வரும்.

திருப்பூர்:

இணைப்புப் பிழை என்றால் நெட் போய்விட்டது என்று பொருள். கைபேசியில் தினமும் அதைத்தானே பார்க்கிறோம். தரவுத்தளத் தொடர்புக்கும் இணைப்புதான். வெறும் இணைப்பாக விடாமல் முன்னால் ஏதாவது சேர்த்தால் ஒத்துக்கொள்கிறேன்.

பொள்ளாச்சி:

"அழைப்பிட இணைப்பு", "அழைப்பிட இணைப்புப் பிழை". நீளம்தான், ஆனால் எது எங்கே என்பது தெளிவு. லிங்க் என்றே விடலாம் என்ற என் கட்சியை விட்டுவிட்டு இதற்கு வருகிறேன். கார்டுக்குக் "காவல்" வேண்டாம், அது ஆளைக் குறிக்கும். "காப்புச் சோதனை" என்றால் அது உண்மை, பொய் இரண்டில் ஒன்றைத் தரும் செயற்கூறு என்பதும் புரியும். ரீலிங்கிங்குக்கு "மீளிணைப்பு".

தாராபுரம்:

சரிங்க. பூட்டை அவிழ்த்துக்கொள்கிறேன். அழைப்பிட இணைப்புக்கு என் ஒப்புதல்.

சென்னிமலை:

எனக்கு ஒப்புதல் இல்லை. இணை என்றால் ஒத்தது, ஜோடி என்றும் பொருள். அழைப்பிடமும் இலக்கும் ஒத்தவை அல்ல. ஒன்று நிலையானது, மற்றது வந்து போவது. அந்த ஏற்றத்தாழ்வைப் பிணை சொல்கிறது, இணை மறைக்கிறது. வேதியியலில் சகப்பிணைப்பு என்று பள்ளியிலேயே படித்துவிட்டு வருகிற பிள்ளைக்குப் பிணைப்பு புரியாது என்பதையும் ஏற்க முடியாது. சொற்பட்டியலில் "பிணைப்பு என்றும் கூறுவர்" என்று ஒரு வரியாவது போடுங்கள்.

பெருந்துறை:

போடுகிறேனுங்க. கையேட்டில் இப்படிப் போகிறது: இயங்குநேரம், அழைப்பிடம், அழைப்பிட இணைப்பு, மீளிணைப்பு, காப்புச் சோதனை. சொற்பட்டியலில் பிணைப்பும் தொடுகளமும் மாற்றுச் சொற்களாக நிற்கும். பைண்டிங்குக்குப் பிணைப்பு இருந்தபடியே இருக்கட்டும். மற்றப் பயிற்சிகள் ஏற்கெனவே அச்சகத்தில் பக்கம் கட்டியாகிவிட்டன.

பொள்ளாச்சி:

ஒன்று விட்டுப்போனது மேடம். பயிற்சியின் கடைசிப் பத்தியில் ஸ்விட்ச்பாயின்ட் வருகிறது. ஓடிக்கொண்டிருக்கும்போது யாராவது இனக்குழுவின் செயற்கூறைத் திருத்தி எழுதினால், அதை நம்பி இணைத்த அழைப்பிடங்கள் எல்லாம் ஒரே அடியில் மாற்றுவழிக்குப் போக வேண்டும். அதைச் செய்வது ஸ்விட்ச்பாயின்ட். ஒருமுறை செல்லாததாக்கினால் மறுபடி செல்லுபடியாகாது, புதிதாக ஒன்று உருவாக்க வேண்டும். "நிலைமாற்றி" என்று போட்டால் மின்சார ஸ்விட்ச் மாதிரி திருப்பிப் போடலாம் என்று ஆகிவிடும்.

கோபி:

"அறுபுள்ளி". அற்ற, அறுகின்ற, அறும் புள்ளி. இதுவும் வினைத்தொகை.

சென்னிமலை:

அறு என்றால் ஆறு என்ற எண்ணும் ஆயிற்றே ஐயா. அறுகோணம், அறுசுவை. ஆறு புள்ளி என்று படிப்பார்கள்.

பெருந்துறை:

ஸ்விட்ச்பாயின்ட் என்றே அச்சுக்கு அனுப்பிவிட்டேன். அடுத்த பதிப்புக்குப் பேசுவோமுங்க.