புதுப்பிப்பு: வீட்டில் தைத்த நீச்சலுடையில் தோள் இழுப்பு தீர்ந்தது

மார்பிலும் இடுப்பிலும் சரியாகப் பொருந்தும் ஒற்றைத் துண்டு நீச்சலுடை தோளில் மட்டும் ஏன் அழுத்துகிறது என்று முன்பு கேட்டிருந்தேன். தோளின் நடுவிலிருந்து கால்களுக்கிடையே சென்று முதுகு வழியாக அதே தோளுக்குத் திரும்பும் சுற்றளவை எடுத்தபோது, வெட்டுப்படிவம் (துணியை வெட்ட வழிகாட்டும் காகித அளவுப்படம்) கருதியதைவிட என் உடல் நீளமானது என்பது தெளிவாயிற்று. எனவே படிவத்தை இடுப்புக்கு மேலே குறுக்காக வெட்டி, வேண்டிய நீளத்தை முன்பக்கத்துக்கும் பின்பக்கத்துக்கும் பிரித்துச் சேர்த்தேன். பட்டையை மட்டும் நீட்டியிருந்தால் கழுத்து இறங்கியிருக்குமே தவிர, முதுகின் இழுப்பு முழுவதும் போயிருக்காது.

நைலான்-ஸ்பான்டெக்ஸ் துணிக்கு ஸ்ட்ரெட்ச் ஊசி (இழுபடும் துணிக்கான தையல் ஊசி), பாலியஸ்டர் நூல், குறுகிய ஜிக்ஜாக் (வளைந்து வளைந்து செல்லும்) தையல் ஆகியவையே போதும். துணியின் ஓரத்தை வெட்டிச் சுற்றித் தைக்கும் ஓவர்லாக் இயந்திரம் கட்டாயமில்லை. கால் நுழையும் திறப்பின் பின்பாதியில் எலாஸ்டிக்கைச் சற்று இழுத்துத் தைப்பதை மட்டும் தயவுசெய்து தவிர்க்காதீர்கள், ஏனெனில் நீந்தும்போது துணி மேலேறாமல் பிடித்துவைப்பது அதுவே.