சின்னவளின் வயிற்று வலி: ஆரையம்பதி வீட்டுப் பெண்கள் குழு

பெரியம்மா: சின்னவள் இன்றும் பாடசாலைக்குப் போகவில்லை. மாதவிடாயின் முதல் நாள் என்பதால் மல்லித் தண்ணீரும் பனடோலும் கொடுத்துப் படுக்க வைத்திருக்கிறேன். எங்களுக்கும் இந்த வயதில் வலித்ததுதான். கலியாணம் முடித்து ஒரு பிள்ளை பிறந்தால் சரியாகிவிடும்.

ரஜனி: பெரியம்மா, கோபிக்காமல் வாசியுங்கள். எனக்கும் 15 வயதில் இதையே சொன்னார்கள். சாதாரண தரப் பரீட்சையின் விஞ்ஞான வினாத்தாளை அரைகுறையாக எழுதிவிட்டு, வாந்தியெடுத்தபடி வீட்டுக்கு வந்தேன். 26 வயதில், வயிற்றில் சிறு துளையிட்டுக் கமரா மூலம் பார்த்த பிறகே எனக்கு இருப்பது எண்டோமெட்ரியோசிஸ் என்று தெரிந்தது. கருப்பையின் உட்படலத்தைப் போன்ற திசு சூலகத்திலும் குடலின் மேலும் வளர்ந்து, அழற்சியையும் தழும்புகளையும் உண்டாக்கி, உறுப்புகளை ஒன்றோடொன்று ஒட்ட வைத்துவிடும் நோய் அது. பிள்ளை பெற்றால் குணமாகிவிடும் என்பது உண்மையன்று. பிள்ளை உண்டாவதையே அது கடினமாக்கக்கூடும்.

சுதா அக்கா: தங்கச்சி, போன மாதம் ஸ்கேன் எடுத்தோமே. ஒன்றுமில்லை என்றுதானே எழுதித் தந்தார்கள்?

ரஜனி: அந்த ஒரு வரிதான் அக்கா, என்னுடைய 11 வருடங்களைத் தின்றது. சூலகத்தில் கட்டி இருந்தால் ஸ்கேன் காட்டும். வயிற்று உறையில் மெல்லியதாகப் படிந்திருப்பதைப் பல வேளைகளில் காட்டாது. என்னுடைய ஸ்கேன் துண்டிலும் அதையே எழுதியிருந்தார்கள்; அதைப் பார்த்த ஒரு வைத்தியர் மனத்தைத் திடமாக வைத்திருக்கச் சொல்லி அனுப்பினார். நான்தான் வலியைப் பெரிதாக்குகிறேனோ என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. இனப்பெருக்க வயதிலுள்ள பெண்களில் ஏறத்தாழ 10 சதவீதமானோருக்கு, அதாவது சுமார் 190 மில்லியன் பேருக்கு, இது இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. தாய்க்கோ சகோதரிக்கோ இருந்தால் வாய்ப்பு இன்னும் கூடும். இந்தக் குழுவிலேயே 23 பெண்கள் இருக்கிறோம்.

பெரியம்மா: ரஜனி, உன்னுடைய அம்மாவும் மாதத்தில் மூன்று நாள் பின்விறாந்தையில் சுருண்டு கிடப்பாள். துடக்கு என்று தனியே பாய் போட்டுக் கொடுத்தோமே தவிர, ஏன் இப்படித் துடிக்கிறாள் என்று நாங்கள் ஒருவரும் கேட்கவில்லை. வேலைக்கள்ளி என்று நானே அவளை ஏசியிருக்கிறேன்.

சுதா அக்கா: சின்னவளுக்கு மலம் கழிக்கும்போதும் வலிக்கிறதாம். இப்போதுதான் கேட்டேன்; சொல்ல வெட்கப்பட்டு மறைத்திருக்கிறாள்.

ரஜனி: அதை அப்படியே வைத்தியரிடம் சொல்லுங்கள் அக்கா. எந்தத் திகதியில் வலித்தது, எத்தனை குளிசை போட்டாள், எத்தனை நாள் பாடசாலை தவறியது என்று ஒரு கொப்பியில் எழுதச் சொல்லுங்கள். காரணம் வேறாகவும் இருக்கலாம், ஆனால் அதைக் கண்டுபிடிக்க வேண்டும். எண்டோமெட்ரியோசிஸாக இருந்தால் முற்றாகக் குணப்படுத்தும் மருந்து இல்லை. ஆயினும் ஹோர்மோன் குளிசைகளாலும், தேவைப்பட்டால் சத்திரசிகிச்சையாலும் வலியைக் கட்டுப்படுத்தலாம். போதனா வைத்தியசாலையின் பெண்நோயியல் கிளினிக்குக்கு நானும் கூட வருகிறேன்.

பெரியம்மா: காலை 6 மணிக்கு வரும்படி ஓட்டோவுக்குச் சொல்லிவைக்கிறேன். உன் அம்மாவுக்கு இன்றிரவு நான் அழைப்பெடுக்க வேண்டும்.