கோள்மையத் தொலைவும் மட்டவுயரமும்

நண்பர்களுக்கு வணக்கம்.

கெர்பல் ஸ்பேஸ் புரோகிராம் என்ற, விண்கலம் ஓட்டும் கணினி ஆட்டத்துக்குத் தமிழில் சின்னதாக ஒரு கையேடு எழுத உட்கார்ந்தேன், முதல் பக்கத்திலேயே மாட்டிக்கொண்டேன். திரையில் தெரிவது ஆட்டத்தின் கோளான கெர்பினின் கடல்மட்டத்திலிருந்து உள்ள உயரம். வேகத்துக்கான சூத்திரம் கேட்பதோ கோளின் மையத்திலிருந்து உள்ள தூரம். கெர்பினின் ஆரம் 600 கி.மீ., அதனால் 100 கி.மீ. உயரத்தில் வட்டமடிக்க 700ஐப் போட வேண்டும், நொடிக்கு சுமார் 2,246 மீட்டர் என்று வரும். மறந்துபோய் வெறும் 100ஐப் போட்டால் 5,943. அந்த வேகத்தில் போனால் கலம் திரும்பியே வராது.

ஆகவே இரண்டு அளவுக்கும் தனித்தனித் தமிழ்ச் சொல் வேண்டும். மையத்திலிருந்து உள்ள தூரத்துக்கு "சுற்றுப்பாதை ஆரம்" என்ற பரிந்துரை தப்பில்லை. ஆனால் ஆரம் (இலங்கையில் ஆரை) என்றதும் வட்டம்தான் மனதில் வருகிறது, நீள்வட்டப் பாதையில் இந்த அளவு மாறிக்கொண்டே இருக்கும். ஆரத்தைக் கோளுக்கே விட்டுவிடலாம். முதலில் "மையத்தொலைவு" என்று எழுதினேன். அப்புறம்தான் பன்னிரண்டாம் வகுப்பு மையத்தொலைத்தகவு (நீள்வட்டம் எவ்வளவு நீண்டிருக்கிறது என்பதன் அளவு) ஞாபகம் வந்தது. அங்கே மையம் என்பது நீள்வட்டத்தின் நடு, நம் கோள் உட்கார்ந்திருப்பதோ நடுவிலிருந்து விலகிய குவியத்தில். ஆகவே கோள்மையத் தொலைவு.

திரையில் தெரியும் ஆல்டிட்யூடுக்குக் குத்துயரம் வேண்டாம், அது முக்கோணத்தோடு ஒட்டிக்கொண்ட சொல். கடல்மட்ட உயரமும் சரிவராது, கெர்பினின் நிலவான மன்னில் கடலே இல்லை. (அதை முன் என்று எழுதினால் பின் எங்கே என்பார்கள்.) மட்டவுயரம் என்றால் எந்த மட்டம் என்று கேட்கத் தோன்றும், அதுதான் வேண்டும். இறங்கும்போது கீழே இருக்கும் மலையிலிருந்து அளப்பது தரையுயரம், அது தனி.

இந்தப் பிரிவினை எதற்கு என்பவர்களுக்கு ஒரு கணக்கு. பாதையில் கோளுக்கு மிக அருகிலுள்ள அண்மைப்புள்ளி 80, மிகத் தொலைவிலுள்ள சேய்மைப்புள்ளி 120 கி.மீ. உயரம். இரண்டையும் கூட்டி, 600ஐ ஒரே ஒருமுறை சேர்த்து, பாதியாக்கி, அரை நெட்டச்சு (நீள்வட்டத்தின் நீளத்தில் பாதி) 400 என்று எழுதுவது எளிதில் நேரும் தவறு. கோள்மையத் தொலைவில் எழுதியிருந்தால் 680, 720, சராசரி 700, தவற வழியே இல்லை.

பூமிக்கு வந்தால் எந்த ஆரம் என்பதும் சேர்ந்துகொள்கிறது. புவிநிலைப் பாதையின் (செயற்கைக்கோள் பூமியோடு சேர்ந்து சுற்றி ஒரே இடத்துக்கு மேல் நிற்கும் பாதை) கோள்மையத் தொலைவான 42,164 கி.மீ.யிலிருந்து நிலநடுக்கோட்டு ஆரமான 6,378ஐக் கழித்தால் நாம் வழக்கமாகச் சொல்லும் 35,786. சராசரி ஆரமான 6,371ஐக் கழித்தால் 7 கி.மீ. கூடிவிடும்.

ஒரே குறை, "கோள்மையத் தொலைவு" திரையின் கட்டத்துக்குள் அடங்கவில்லை. இதைவிடக் குட்டையாக யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள்.