‘ஓரிடத்தான் இயக்க விளைவு’ என்பதா, ‘ஓரிடத்தான் வேக விளைவு’ என்பதா?

அன்பு நண்பர்களுக்கு வணக்கம்.

ஒரு மூலக்கூறில் ஓர் அணுவுக்குப் பதிலாக அதே தனிமத்தின் வேறு நிறையுள்ள அணு அமர்ந்தால் வினையின் வேகம் மாறுவதே ‘கைனெட்டிக் ஐசோடோப் எஃபெக்ட்’. இதற்குப் பரிந்துரைக்கப்பட்டுள்ள ‘ஓரிடத்தான் இயக்க விளைவு’ என்னும் தொடரின் முதற்சொல்லில் எனக்கு மறுப்பில்லை. தனிம வரிசை அட்டவணையில் ஒரே இடத்தில் அமர்பவை என்ற பொருளில் 1913இல் வேதியியலாளர் ஃபிரெடரிக் சாடி வழங்கிய ‘ஐசோடோப்’ என்னும் சொல்லின் கருத்தை அது அப்படியே தாங்குகிறது. இலங்கை வழக்கான ‘சமதானி’யும் அவ்வாறே. இடறுவது ‘இயக்க’ என்பதுதான்.

‘இயக்க ஆற்றல்’ என்று படித்துப் பழகிய மாணவர், ஹைட்ரஜனின் ஓரிடத்தானான டியூட்டீரியம் கனமானது, ஆகவே மெதுவாக நகர்கிறது, ஆகவே வினை மந்தமாகிறது என்று எண்ணிவிடுவார். உண்மைக் காரணம் வேறு. கார்பன்–ஹைட்ரஜன் பிணைப்பு தன் மிகத் தாழ்ந்த ஆற்றல் நிலையிலும் அதிர்ந்துகொண்டே இருக்கிறது. ஹைட்ரஜனின் இடத்தில் இருமடங்கு நிறையுள்ள டியூட்டீரியம் அமர்ந்தால் அந்த அதிர்வின் அடிநிலை ஆற்றல் குறைந்து, பிணைப்பை முறிக்க ஏறவேண்டிய மேடு அந்த அளவுக்கு உயர்ந்துவிடுகிறது. அறை வெப்பநிலையில் இதனால் மட்டுமே வேகம் ஏறத்தாழ 7 மடங்கு குறையலாம். சோயா லிப்பாக்சிஜனேஸ் நொதியிலோ இந்த மடங்கு 80ஐ ஒட்டி வருகிறது. ஹைட்ரஜன் மேட்டின் மீது ஏறாமல் குவாண்டம் ஊடுருவலால் அதைக் கடக்கிறது என்பதற்கு அது வலுவான சான்று. காரணம் எதுவாயினும் நாம் அளப்பது இரு வேகங்களின் விகிதத்தையே. ‘கைனெட்டிக்ஸ்’ என்பதற்கு ‘வினைவேகவியல்’ என்ற சொல் ஏற்கெனவே நிலைபெற்றிருக்கும்போது ‘ஓரிடத்தான் வேக விளைவு’ என்பதே பொருந்தும். வேகத்துக்குப் பதில் வினையின் சமநிலை மாறுவதைக் குறிக்கும் ‘ஓரிடத்தான் சமநிலை விளைவு’ என்பதற்கு அது நல்ல இணையாகவும் நிற்கும். ‘முதன்மை’ (ஓரிடத்தான் அமர்ந்த பிணைப்பே முறிவது), ‘இரண்டாம்நிலை’ (அப்பிணைப்பு முறியாதது) என்னும் அடைகளை மாற்ற வேண்டியதில்லை.

நொதிகளைப் பொறுத்தவரை இதைவிடக் கடினமான சொல் ‘கமிட்மென்ட்’. பிணைந்த வினைபடுபொருள் அடுத்த படிக்கு முன்னேறும் வேகத்தை, அது நொதியிலிருந்து கழன்றுவிடும் வேகத்தால் வகுத்தால் கிடைக்கும் எண்ணையே இது குறிக்கிறது. ‘உறுதிப்பாடு’, ‘அர்ப்பணிப்பு’ என்றெல்லாம் பெயர்த்தால் நொதிக்கு மனம் இருப்பதுபோல் ஆகிவிடும். பிணைந்தவை கழலாமல் விரைந்து முன்னேறினால், ஹைட்ரஜன் உடையதும் டியூட்டீரியம் உடையதும் ஏறக்குறைய வேறுபாடின்றி விளைபொருளாகி, பிணைப்பு முறியும் படியின் உண்மையான விளைவு மறைந்துபோகும். அவ்விளைவு 6, இந்த எண் 9 என்று கொள்வோம். வினைபடுபொருளின் செறிவு மிகக் குறைவாகவும் மீள்வினை இல்லாமலும் இருக்கும்போது, இரண்டையும் கூட்டிய 15ஐ, இந்த எண்ணோடு ஒன்றைக் கூட்டிய 10ஆல் வகுத்து வரும் 1.5 மட்டுமே சோதனையில் தெரியும். அதை அப்படியே நம்பினால், பிணைப்பு முறிவு மெதுவான படியன்று என்பதோடு நில்லாமல், அங்கே ஹைட்ரஜன் இடம்பெயரவே இல்லை என்றுகூட ஒருவர் தவறாக முடிவுகட்டிவிடக்கூடும்.

ஆகவே இதற்கு ‘முன்செல் விகிதம்’ என்றும், மீள்வினைக்குரியதற்கு ‘மீள்செல் விகிதம்’ என்றும் முன்மொழிகிறேன். வகுத்துப் பெறும் எண் என்பது பெயரிலேயே தெரிவதால் ‘நாட்டம்’, ‘போக்கு’ முதலிய சொற்களை நான் தவிர்த்தேன். இதைவிடச் சுருக்கமான சொல் எவருக்கேனும் தோன்றினால் மகிழ்வுடன் ஏற்பேன்.